ஆடிப்போன படங்கள்

என் அத்தானுக்கு நான் வைத்த பட்டப்பெயர் வடிகட்டி. அக்காவின் கணவர் என்பதால் முகத்துக்கு நேரே அத்தான், முதுகுக்குப் பின்னால் வடிகட்டி. அது அவருக்கும் தெரியும். ஒருநாள் டீயை வடிகட்டிக்கொண்டே, "மாப்ள, நான் இல்லன்னா நீங்கெல்லாம் தூளோட தான் குடிக்கணும்" என்று சொல்லி டம்ளரை நீட்டினார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் நம் வாயை அடைத்துவிட்டுத்தான் போவார். இப்போது அந்தப் பெயரை நான் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த வட்டாரத்து உயரமான கட்டடங்களில் பாதி அவர் பொறுப்பில் ஓடின. அவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு அவர் மட்டும் மூச்சிரைக்கப் படியேறி வருவார். இதை நான் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. "ஏறுறதுக்குக் கால் இருக்கு, உனக்கு வாய் இருக்கு" என்பார்.

வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் கம்ப்யூட்டர். ஏதோ ஒரு அலுவலகம் இடம் மாறியபோது கழித்துப் போட்டதை எடுத்துவந்து, தூசி தட்டி, உள்ளே இருந்த விசிறியை மாற்றி, புதிது போல ஓடவிட்டிருந்தார். அக்கா பழைய திரைத்துணியில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தாள். உறையைக் கழற்றும் உரிமை அவருக்கு மட்டும்தான்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் உறை கழலும். அந்த வாரம் குடும்பத்தில் யார் எந்தப் படம் எடுத்திருந்தாலும் அது அவர் மேசைக்கு வந்தாக வேண்டும். அக்காவின் போன், என் போன், என் மனைவியின் போன், பெரியம்மா மகளின் போன், அவருடைய சொந்தக் கேமரா எல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றாக வயரில் மாட்டி, எல்லாப் படத்தையும் 'வரவு' என்ற ஒரு ஃபோல்டரில் இறக்குவார். இறங்கி முடிந்ததும் படங்கள் திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசை கட்டி நிற்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வடிகட்ட ஆரம்பிப்பார்.

கண் மூடிய படம் போகும். வாய் பிளந்தது போகும். தலை வெட்டுப்பட்டது, வெளிச்சம் பற்றாதது, யாராவது குறுக்கே வந்தது, ஆடிப்போய் மங்கலாக விழுந்தது எல்லாம் போகும். ஒரே மாதிரி நாலைந்து இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவார். மிஞ்சியதை வருடம், மாதம், ஆள் என்று இடம் பிரித்து அடுக்குவார். அடுக்கியதற்கு இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல், அந்த நகலுக்கு ஒரு நகல். போதாததற்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் ஒரு மென்பொருளை வேறு வாரம் தவறாமல் ஓடவிடுவார்.

எனக்குக் கேமராவைக் கண்டாலே கண் மூடிக்கொள்ளும். பிறவிக் கோளாறு. அதனால் அந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டால் நான் உயிரோடு இருந்ததற்கே சாட்சி கிடையாது. "என்ன அத்தான், என் கல்யாணத்துக்காவது நான் வந்திருந்தேனா?" என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தோள் வரைக்கும் வந்திருக்க" என்றார்.

வடிகட்டி முடித்த படங்களை அன்று சாயங்காலமே எல்லாருக்கும் அனுப்பிவிடுவார். அதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் சொக்கிப்போவார்கள். அழுது வழிந்த முகம் ஒன்றுகூட இல்லாத குடும்பம் எங்களுடையது. நாளாவட்டத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கமே வந்துவிட்டது. அத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாரா, உடனே அவரவர் போனில் இருக்கும் படங்களை மொத்தமாக அழித்துவிடுவோம். அவரிடம் இருந்தால் போதும், பெட்டகத்தில் வைத்தது போல என்று பெரியம்மா மகள் சொல்வாள். இடமும் மிச்சம், கவலையும் மிச்சம் என்று நாங்களும் இருந்தோம்.

இந்த வடிகட்டலுக்கெல்லாம் தலைவலியாக இருந்தது ஒரே ஆள்தான். அவர்களுடைய ஒரே மகள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. முன்பல் இரண்டும் விழுந்து, முழங்காலில் எப்போதும் ஒரு காய்ந்த சிராய்ப்போடு திரிவாள். ஒரு கதவை அவள் மூடி நான் பார்த்ததில்லை, அறைந்துவிட்டுத்தான் போவாள். மாமா என்று என்னைக் கூப்பிட்டாளானால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவளை நிறுத்தி ஒரு படம் எடுப்பதற்குள் அத்தானுக்குத் தாவு தீர்ந்துவிடும். சுவரோரமாக நிற்க வைத்து, பின்னால் நகர்ந்து, கேமராவைத் தூக்குவார். "அசையாத. நில்லு. அப்படியே நில்லு." அவள் நின்றால்தானே? திரும்பவும் நிற்க வைப்பார். திரும்பவும் ஆட்டம் காட்டுவாள். பொறுமைக்குப் பெயர்போன மனிதர் என்பதால் எப்படியும் கடைசியில் ஒரு நல்ல படம் எடுத்துவிடுவார். கை இரண்டும் உடம்போடு ஒட்டி, வாயை மூடி, நேரே பார்க்கும் ஒரு சமர்த்துப் பெண் அதில் இருக்கும். "இது எந்த வீட்டுப் பொண்ணு அத்தான், ரொம்ப அடக்கமா இருக்கே" என்று நான் சீண்டுவேன். அவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடுவார்.

தள்ளுவது என்றால் சும்மா தள்ளுவதில்லை. நான் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒருமுறை இருவருக்கும் ஒரே கட்டடத்தில் வேலை அமைந்தது. மொட்டைமாடிக்கு மேலே லிஃப்ட்டின் மோட்டார் இருக்கும் அறைக்கு நான் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் பிரேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். தேய்ந்துபோன கட்டையை எடுத்தவர், குப்பைத்தொட்டியில் போடுமுன் சுத்தியால் ஓங்கி ஒரு போடு போட்டு இரண்டாக உடைத்தார். தூக்கி எறியப்போவதை எதற்கு உடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"முழுசா இருந்தா எவனாவது அவசரத்துக்கு எடுத்து மாட்டிடுவான், மாப்ள. அப்புறம் மேல இருந்து ஆளு வருவான், உசுரு வராது. தேஞ்சது கண்ணுலயே படக் கூடாது."

படங்களிலும் இதேதான் சட்டம். அழித்த படத்தைக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில்கூட வைத்திருக்கமாட்டார். அப்போதைக்கப்போதே அதையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கேமராவின் கார்டையும் துடைத்துவிட்டுத்தான் உள்ளே செருகுவார். அவருடைய தொழிலில் அந்தச் சட்டத்தால் பல பேர் உயிரோடு இருந்தார்கள். அதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு வாரத்தில் வாலுவுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்த அதே காய்ச்சல்தான். மற்ற பிள்ளைகளுக்கு இறங்கியது. இவளுக்கு மூளைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் அடிக்கடி எழுந்துபோய் அங்கிருந்த லிஃப்ட்டின் முன்னால் நின்று அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தார். "பேரிங் போகப் போகுது" என்றார் என்னிடம். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல ஆத்திரம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்தக் கட்டடத்தில் அந்த மனிதருக்குப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று. மறுநாள் வாலு போய்விட்டாள்.

வீட்டில் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமே என்று யாரோ சொன்னார்கள். மற்ற வீடுகளில் என்றால் ஆளாளுக்குப் போனைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். அத்தான் எழுந்தார், உறையைக் கழற்றினார், வருடம், மாதம், பெயர் என்று போய் உட்கார்ந்த கையோடு எடுத்துக் கொடுத்துவிட்டார். நீலக் கவுன், பின்னால் வெள்ளைச் சுவர், மூடிய வாய். பிரேம் போட்டுச் சுவரில் ஏற்றியதும் வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள், எவ்வளவு லட்சணமாக இருக்கிறாள் என்று. எவ்வளவு தெளிவான படம் என்றும் ஒருவர் சொன்னார். அத்தான் தலையை ஆட்டினார்.

கூட்டமெல்லாம் வடிந்து, அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் நான் போனேன். அக்கா அந்தப் படத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, கண்ண மூடினா இந்தப் படம் தான்டா வருது" என்றாள். "அவ வர மாட்டேங்குறா. மொதல்ல எல்லாம் வந்தா. இப்ப இந்தப் பொண்ணு வந்து முன்னாடி நின்னுக்குது."

ஏதாவது சொல்லித் தேற்றலாம் என்று பார்த்தால், நானும் அன்று வழியெல்லாம் வாலுவின் முகத்தை நினைத்துப் பார்த்தபோது இந்த நீலக் கவுன்தான் வந்திருந்தது. பல் விழுந்த வாயோடு அவள் எப்படிச் சிரிப்பாள் என்பது நினைவில் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிறு அக்காவே உறையைக் கழற்றினாள். அத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாலுவின் ஃபோல்டரைத் திறக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொரு வருடமாகத் திறந்து காட்டினார். சுவரோரம் வாலு, பூந்தொட்டி பக்கத்தில் வாலு, பள்ளிச் சீருடையில் வாலு. உடை மாறியது, உயரம் மாறியது, முகம் மட்டும் மாறவில்லை. எல்லாவற்றிலும் அதே மூடிய வாய், அதே நேர்ப்பார்வை. கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு அக்கா மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதுல ஒண்ணுல கூட அவ இல்லீங்க."

அத்தான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை. மாடியில் தண்ணீர்த்தொட்டி வழிந்த நாளில், நனைந்துபோய், பல் விழுந்த ஓட்டை தெரியத் தெரியச் சிரித்தாளே, அன்று நீங்கள் கேமராவோடு மாடியில்தானே இருந்தீர்கள், அது எங்கே என்று கேட்டாள்.

"அது ஆடிப் போச்சு" என்றார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அழிச்சுட்டேன்" என்றார்.

அக்கா கத்தவில்லை. அழவும் இல்லை. உறையை எடுத்து மறுபடி கம்ப்யூட்டர்மேல் போர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் சோறு வைக்கட்டுமா, கதவைச் சாத்தட்டுமா என்பதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அத்தான் என்னிடம் சொன்னார். அவர் அப்படித் தன் வீட்டு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அவர் தேட ஆரம்பித்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனார். பழைய போன் இருக்கிறதா, உடைந்த போன் இருக்கிறதா, எங்கேயாவது வாலு இருக்கிறாளா, ஆடியிருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார். எங்கே இருக்கும்? நாங்கள்தான் அவரை நம்பி எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தோமே. பெரியம்மா மகள் தன்னிடம் நிறைய இருக்கிறது என்று ஆசையாகக் காட்டினாள். அத்தனையும் அவரே வடிகட்டி அனுப்பியவை. களை எடுக்கிறேன் என்று பயிரையும் சேர்த்துப் பிடுங்கிய கதையாகிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாராம். அவள் எனக்குப் போன் செய்து, அவர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார், கொஞ்சம் பார்த்துக்கொள் என்றாள்.

பழுது பார்க்கும் கடைக்குக் கம்ப்யூட்டரை எடுத்துப்போகலாம் என்ற யோசனை என்னுடையது. மூன்று மாடியும் நானே சுமந்து இறக்கினேன். கடைக்கார அம்மா கறாரான ஆள். இல்லாததை இருக்கும் என்று சொல்லி அனுப்புகிற ரகம் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டார். நான்தான் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்து உட்காரச் சொன்னார்.

அழித்த படம் உடனே அழிந்துவிடாதாம். அந்த இடம் காலி என்று மட்டும் கம்ப்யூட்டர் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதன்மேல் வேறு எதையாவது கொண்டுபோய் வைக்கும் வரைக்கும் பழைய படம் அடியில் கிடக்கும், தோண்டி எடுத்துவிடலாம் என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தோண்டத் தோண்ட அந்த அம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. காலியான இடத்திலெல்லாம் வேறு படங்கள் உட்கார்ந்திருந்தன. நகல், நகலின் நகல். அத்தான் பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்துவைத்த நல்ல படங்கள்தான் அழித்த படங்களின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. மிச்சம் மீதி இருந்ததை வாராவாரம் ஓடிய அந்தச் சுத்தம் செய்யும் மென்பொருள் வழித்தெடுத்திருந்தது.

"சும்மா போட்டு வச்சிருந்தா கூட எடுத்திருக்கலாம்" என்றார் அந்த அம்மா. குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். அத்தான் "சரிங்கம்மா" என்று எழுந்து, வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்த நேரத்திலும் ஒவ்வொரு வயரையும் தனித்தனியாகச் சுருட்டி முடிச்சுப்போட்டார். அதைப் பார்த்து எனக்கு வந்தது எரிச்சலா அழுகையா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த அம்மாதான் அவரைக் கையமர்த்தினார். திரையில் 'வரவு' ஃபோல்டர் திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. படங்களை இறக்கி, வடிகட்டி, வேறு இடத்துக்கு மாற்றிவிடுவதால் அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும்.

"காலி ஃபோல்டர் எப்படிங்க இவ்வளவு கனமா இருக்கு?" என்றார்.

உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைல் இருந்தது. கம்ப்யூட்டர் தன் வசதிக்குத் தானே வைத்துக்கொள்வதாம். படங்களைச் சின்னக் கட்டங்களாகக் காட்டவேண்டும் அல்லவா, ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுருக்கிக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, ஒரு தடவை சுருக்கியதை ஓரமாகப் போட்டு வைத்துக்கொள்ளுமாம். பெரிய படத்தை அழித்தாலும் சின்னதை அழிக்க அதற்குத் தோன்றாது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் அத்தானும் அதன்மேல் கைவைக்கவில்லை, அந்த மென்பொருளும் காலி இடத்தைத் துடைத்ததே தவிர அதைத் தொடவில்லை. அந்த அம்மா அதைப் பிரித்தெடுத்தார். எல்லாம் வரவில்லை. வந்தவரைக்கும் கட்டைவிரல் நகம் பெரிதுக்குப் படங்கள், திரை முழுக்க.

வீட்டுக்குக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்து மாட்டினோம். அக்கா சமையலறை வாசலிலேயே நின்றாள். நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, மூக்கு திரையில் முட்டும்படி குனிந்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு நான் நிறைய இருந்தேன். தலையில்லாத பெரியம்மா இருந்தாள். திடீரென்று அக்காவின் விரல் ஓரிடத்தில் போய் நின்றது.

தண்ணீர்த்தொட்டி வழிந்த நாள். ஈரத்தலை, விரிந்த வாய், பல் விழுந்த ஓட்டை. மங்கல்தான், ஆனாலும் அது வாலு. வேறு யாரும் இல்லை, எங்கள் வாலுவேதான்.

அத்தான் பழக்க தோஷத்தில் மவுஸை எடுத்து அதைப் பெரிதாக்கினார். பெரிதாகப் பெரிதாக வாய் நாலு சதுரமாகப் பிரிந்தது, கண் ஒரு கறுப்புக் கட்டமாகிவிட்டது. முகம் இருந்த இடத்தில் வெறும் பழுப்புச் சதுரங்கள் அடுக்கியிருந்தன.

"பெருசு பண்ணாதீங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்தாள். "போயிடுறா."

அவர் சின்னதாக்கினார். வாலு திரும்பி வந்தாள். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தடுத்த கட்டங்களைப் பார்க்கத் தொடங்கினாள். எடுத்த வரிசையிலேயே அவை இருந்தன. முதல் கட்டத்தில் வாலு சுவரோரம் நிற்கிறாள். அடுத்ததில் ஒரு கால் முன்னால் வந்திருக்கிறது. அதற்கடுத்ததில் தலைமுடி பறக்கப் பாதி வழி வந்துவிட்டாள். அப்புறம் படத்தை அடைத்துக்கொண்டு முகம் மட்டும். கடைசியில் முகமும் இல்லை, கேமராவை மறைக்கும் ஒரு சின்ன உள்ளங்கை. பிறகு மறுபடியும் சுவர். மறுபடியும் ஒரு கால். மறுபடியும் உள்ளங்கை. வேறு நாள், வேறு உடை, வேறு இடம். எல்லாம் அப்படியேதான் இருந்தது.

நான் இத்தனை நாளும் அதைக் குறும்பு என்றுதான் நினைத்திருந்தேன். அத்தானும் அப்படித்தான் நினைத்திருப்பார். நாங்கள் பார்த்ததெல்லாம் நிற்காத பிள்ளையைத்தான். அவள் எங்கே போகிறாள் என்று பார்க்கவில்லை.

"எல்லாத்துலயும் உங்ககிட்ட தாங்க ஓடி வர்றா" என்றாள் அக்கா. மனசார, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். பல நாள் கழித்து அவரிடம் அவள் பேசிய முதல் நல்ல பேச்சு அது.

அத்தான் மவுஸிலிருந்து கையை எடுத்தார். "நில்லு, நில்லுன்னே சொல்லிட்டு இருந்தேன்" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழாத மனிதர் அன்று அந்த மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் தரையில் கிடந்த அந்தத் துணி உறையை எடுத்து மடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு அந்த உறை கம்ப்யூட்டர்மேல் ஏறவே இல்லை. அத்தான் கேமராவைத் தொடுவதில்லை. ஞாயிறு மதியங்களில் யாரும் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. அவருடைய போனில் இடம் இல்லை, இடம் இல்லை என்று அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும். எதையாவது அழித்தால்தானே இடம் வரும் என்று நான் சொன்னால், இருக்கட்டும் என்பார். வேலைக்கு மட்டும் ஒழுங்காகப் போய்வருகிறார். தேய்ந்த கட்டைகளை இன்னமும் சுத்தியால் உடைத்துத்தான் போடுகிறார்.

சுவரில் இருந்த நீலக் கவுனை அக்கா கழற்றிவிட்டாள். பிரேமை வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே வேறு படம் போடச் சொன்னாள். பிரேம் அகலமானது. பெரிதாக்கினால் அவள் போய்விடுவாள் என்பதால், ஒரு பெரிய வெள்ளைத்தாளின் நட்டநடுவில் அந்தத் தண்ணீர்த்தொட்டி நாள் படத்தை உள்ள அளவுக்கே அச்சடித்து வாங்கிவந்து அத்தான் மாட்டினார். வாசலில் இருந்து பார்த்தால் வெறும் வெள்ளைத்தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது போலத்தான் தெரியும். கிட்டே போய், மூச்சுப் படும் தூரத்தில் நின்றால்தான் உள்ளே ஒரு பிள்ளை வாயெல்லாம் சிரிப்பாக ஓடிவருவது தெரியும்.

போன மாதம் அத்தானோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார், புதிதாகச் சேர்ந்தவர். இது என்ன வெள்ளையாக என்று எழுந்துபோய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். உங்கள் பெண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றார் அத்தான்.

"ஏன் சார் இவ்வளவு சின்னதா போட்டிருக்கீங்க? பெருசா இல்லையா?"

"இருந்துச்சு" என்றார் அத்தான். "நான் தான் அழிச்சேன்."

வந்தவர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள்.